லகாவுலின் 16: அந்த மருந்து வாடை கெட்டுப்போனதல்ல

நண்பரே, 16 வருட லகாவுலின் விஸ்கியைத் திறந்ததும் ஆஸ்பத்திரி வாடை அடித்தது, ஐஸ் நிறையப் போட்டும் பிடிக்கவில்லை, போலியோ என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வாடையை மட்டும் வைத்துப் போலி என்று முடிவுகட்டாதீர்கள். ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் இந்த விஸ்கிக்கான முளைகட்டிய பார்லியை, பீட் எனும் சதுப்புநில மட்கை எரித்த புகையில் உலர்த்துவார்கள். புகையிலுள்ள ஃபீனால்கள் எனும் வாடை தரும் வேதிப்பொருள்கள் தானியத்தில் ஏறிக்கொள்ளும். டிங்சர் வாடை, கடற்பாசி வாடை எல்லாம் அதன் குணம்தான்.

முதலில் ஐஸை விடுங்கள், குளிரில் மணம் எழும்பாது. வாய் குறுகிய டியூலிப் வடிவக் கிளாஸில் 25 மில்லி ஊற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். இது 43 சதவீத ஆல்கஹால். மூக்கை உள்ளே விட்டு இழுத்தால் மரத்துப்போகும். விளிம்பில், வாயைச் சற்றே திறந்தபடி மெதுவாக முகருங்கள். சின்ன மிடறு, நாக்கு முழுக்கப் பரவட்டும். பிறகு அரை டீஸ்பூன் தண்ணீர், சொட்டுச் சொட்டாக. புகை கொஞ்சம் விலகி உலர்திராட்சையும் வெனிலாவும் தலைகாட்டும்; அது ஓக் பீப்பாய் கொடுத்தது. விழுங்கிய பிறகு தொண்டையில் நெடுநேரம் நிற்கும் அந்தப் புகைக்காகவே நான் இதை வாங்குகிறேன்.

இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் ஒட்டவில்லையென்றால், பீட் புகையே இல்லாத கிளென்ஃபார்க்ளாஸ் 15 விஸ்கி உங்களுக்குப் பிடிக்கலாம்.