அமெரிக்கக் கால்பந்தில் தன்பாலீர்ப்பை வெளிப்படையாகச் சொன்ன வீரர்கள் ஏன் இவ்வளவு குறைவு?

என்.எஃப்.எல். எனப்படும் அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக்கின் போட்டிகளில் ஆடிக்கொண்டிருக்கும்போதே தம்மைத் தன்பாலீர்ப்பாளர் என்று அறிவித்தவர்கள் ஏன் இவ்வளவு அரிது என்று கேட்டிருக்கிறீர்கள். சக வீரர்களின் வெறுப்பே காரணம் என்று பலர் கருதுகிறார்கள். என் பார்வையில், எப்போது வேண்டுமானாலும் வேலை பறிபோகலாம் என்ற அச்சம் அதைவிட வலியது. 53 பேர் கொண்ட அணியின் கடைசி இடங்களுக்குப் போராடுபவரை நீக்க எந்தக் காரணமும் சொல்லத் தேவையில்லை.

மைக்கேல் சாமின் அனுபவத்தைப் பாருங்கள். மிசூரி பல்கலைக்கழக அணியினரிடம் அவர் 2013 ஆகஸ்டிலேயே உண்மையைச் சொன்னார். அவர்கள் அதை மாதக்கணக்கில் வெளியே விடாமல் காத்ததோடு, அந்தப் பருவத்தில் 12 ஆட்டங்களில் வென்றார்கள். இது என்னை இன்றும் நெகிழ வைக்கிறது. தம் பல்கலைக்கழகப் போட்டிப் பிரிவின் சிறந்த தடுப்பாட்டக்காரர்களுள் ஒருவராக அறிவிக்கப்பட்ட அவர், 2014 பிப்ரவரியில் பொதுவெளியில் பேசிய பிறகு, என்.எஃப்.எல். அணிகள் புதிய வீரர்களை வரிசையாக எடுக்கும் வீரர் தேர்வில் 249-ஆவது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார். என்.எஃப்.எல்.-இன் முறையான பருவ ஆட்டம் ஒன்றில்கூட அவர் களமிறங்கவில்லை. உடலளவும் வேகமும் போதவில்லை என்ற வாதத்தை முழுதாக ஒதுக்கிவிட முடியாது, ஆனால் அது மட்டுமே காரணம் என்பதையும் என்னால் ஏற்க இயலவில்லை.

அதற்கு மாறாக, என்.எஃப்.எல்.-இல் ஐந்து பருவங்கள் ஆடி நிலைபெற்றிருந்த கார்ல் நாசிப் தாம் தன்பாலீர்ப்பாளர் என்று 2021 ஜூனில் அறிவித்தபோது அவருடைய ரெய்டர்ஸ் அணி உடனே ஆதரவளித்தது. செப்டம்பரில் ரேவன்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் எதிரணி வீரரின் கையிலிருந்து அவர் தட்டிவிட்ட பந்தே வெற்றிக்கு வழிவகுத்தது.