ஊரடங்குக் காலத்தில், பிரிந்து வாழும் கணவருக்குக் குழந்தையைக் காட்ட மறுக்கலாமா?

மறுக்கக் கூடாது, ஆனால் சந்திக்கும் விதத்தை இருவரும் பேசி மாற்றிக்கொள்ளலாம். கேள்வியைப் பார்த்தால், குழந்தை உங்களிடம்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். 2020-இல் நானும் அதே நிலையில் இருந்தேன்.

அப்போது நானும் மகனும் கோவையில் இருந்தோம். அவன் அப்பா திருச்சியில் இருந்தார். இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் அவர் வந்து மகனை அழைத்துச் செல்லலாம் என்பது குடும்ப நல நீதிமன்ற உத்தரவு. மார்ச் 25-இல் ஊரடங்கு தொடங்கியபின் பேருந்தும் இல்லை, மாவட்டம் தாண்ட இ-பாஸும் தேவைப்பட்டது. திருமணம், மரணம், மருத்துவம் ஆகியவற்றுக்குப் பாஸ் உண்டு; பெற்ற பிள்ளையைப் பார்ப்பதற்கு இல்லை. ஏப்ரல் இறுதியில் இந்தப் பிரச்சினை உச்ச நீதிமன்றம் வரை சென்றது. நேரில் சந்திப்பதற்குப் பதிலாகக் காணொளியில் பேசலாம், உடன்பாடு ஏற்படாவிட்டால் குடும்ப நல நீதிமன்றத்தை அணுகலாம் என்று அங்கே கூறப்பட்டது. அதன்படி ஒவ்வொரு மாலையும் மகனை அவருடன் பேச வைத்தேன்.

ஆகஸ்ட் 17 முதல் விண்ணப்பித்த அனைவருக்கும் பாஸ் கிடைக்கும் என்றானதும் அவர் நேரில் வருவதாகச் சொன்னார். டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த என் அம்மா வீட்டில் இருந்ததால், உள்ளே வராமல் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் முகக்கவசத்துடன் மகனைப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டேன். அதற்கே, "கொரோனாவைச் சாக்காக வைத்துப் பிள்ளையைப் பிரிக்கிறாள்" என்று அவருடைய அக்கா உறவினர் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார். இதைப் படிப்பவர்களிலும் சிலர் அப்படித்தான் நினைப்பீர்கள். நோயாளியுடன் ஒரே வீட்டில் இருந்து பார்த்தவர்கள் நினைக்க மாட்டார்கள். அதே மாதங்களில் ஜீவனாம்சம் நின்றுபோனதைப் பற்றி அந்தக் குழுவில் ஒருவரும் ஒரு வரிகூட எழுதவில்லை. ஆயினும் பணம் வரவில்லை என்பதற்காகச் சந்திப்பை நிறுத்தாதீர்கள் என்று என் வக்கீல் கண்டிப்பாகச் சொன்னார். இரண்டும் தனித்தனி விஷயங்கள், ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுத்தால் நீதிமன்றத்தில் நம் பக்கம்தான் பலவீனமாகும் என்பது அவர் சொன்ன காரணம்.

ஆகவே, எந்தச் சந்திப்பு ஏன் தவறியது, அதற்கு ஈடாக எந்த நாளைத் தருகிறீர்கள் என்பதை அவ்வப்போது மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள். தொலைபேசியில் பேசியதைப் பின்னால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நான் ஈடாகக் கொடுத்தது டிசம்பர் மாதத்தை. வகுப்புகள் இணையவழியில்தான் நடந்தன என்பதால், மகன் திருச்சியில் அப்பா வீட்டில் இருந்தபடியே பாடங்களைக் கவனித்தான்.