பழைய காரின் கெட்டித் தகரம்: சுங்கை சிப்புட் பட்டறைக்காரரின் கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் விபத்தான கார்களைப் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். தோட்டத்து ஆட்கள் அடிக்கடி கேட்பவற்றுக்கு என் பதில்கள்.

அண்ணே, அப்பாவோட பழைய சாகா கார் நல்ல தடித்த தகரம். இப்போ வரும் காடி எல்லாம் லேசாக இடித்தாலே நசுங்குது. எது பாதுகாப்பு?

தம்பி, நசுங்குவதுதான் புதுக் காரின் வேலையே. மோதலின் வேகம் எங்காவது செலவாக வேண்டும். முன்பக்கம் மடங்க மடங்க அது செலவாகிறது. ஆட்கள் உட்காரும் கூடு மட்டும் உறுதியான எஃகு. அது மடங்கக் கூடாது. முன்பக்கம் விறைப்பாக நின்றால் அந்த அடி உள்ளே இருப்பவருக்கு வரும். கூடும் பலவீனமாக இருந்தால் ஸ்டீயரிங் நெஞ்சுக்கு வந்துவிடும்.

2009-இல் கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் அமெரிக்காவின் ஐஐஎச்எஸ் அமைப்பு, 1959 செவர்லே பெல் ஏரையும் 2009 மாலிபுவையும் ஏறத்தாழ 64 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிராக மோதவிட்டது. பெல் ஏர் பார்வைக்குக் கோட்டை மாதிரி. ஆனால் அதில் ஓட்டுநராக வைத்த பொம்மை நிஜ மனிதராக இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார். மாலிபுக்காரருக்குப் பாதத்தில் அடி, அவ்வளவுதான். அதே 1959-இல் மெர்சிடிஸ் நசுங்கும் முன்பக்கத்தோடு கார் விற்றது, வோல்வோ மூன்று முனை பெல்ட் போட்டது. அதனால் வயதை மட்டும் பார்க்காதீர்கள், வடிவமைப்பைப் பாருங்கள்.

என்னிடம் இருப்பது பழைய கஞ்சில் கார். மாற்ற வசதியில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கு அதில்தான் ஏற்றிப் போகிறேன்.

பரவாயில்லை அக்கா, ஓட்டுங்கள். ஆனால் பின்சீட்டு பெல்ட் பூட்டுகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். 2009 முதல் பின்னாலும் பெல்ட் கட்டாயம், 2020 முதல் சின்னப் பிள்ளைகளுக்குத் தனி இருக்கையும். அப்புறம் அடிச்சட்டத்தில் துரு இருக்கிறதா என்று பட்டறையில் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே பூசிய சாயத்தை நம்ப வேண்டாம். செம்பனை லோரிக்குப் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள். அதன் வால் உயரம். முட்டினால் கார் அடியில் நுழைந்து, கண்ணாடிதான் முதலில் வாங்கும். புதுக் காரும் அங்கே தடுமாறும்.

ஏர்பேக் இருந்தால் பெல்ட் எதற்கு?

பெல்ட் இல்லாமல் முன்னால் பாய்பவரை ஏர்பேக் முகத்திலேயே அறையும். இரண்டும் சேர்ந்தால்தான் வேலை.

இரண்டாம் கை கார் வாங்கப் போகிறேன், மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் என்கிறார்கள். போதுமா?

எந்த ஆண்டுச் சோதனை என்று கேளுங்கள். விதிகள் இறுகிக்கொண்டே வருகின்றன. இரண்டு கார்களை வெட்டி ஒட்டிய காரா என்றும் பாருங்கள், ஒட்டிய சட்டத்துக்கு அந்த நட்சத்திரம் பொருந்தாது. தக்காத்தா என்ற ஜப்பான் நிறுவனம் செய்த ஏர்பேக் பொருத்திய கார் என்றால் இன்னும் கவனம்: நம்மூர் வெப்பமும் ஈரமும் பையை ஊதவைக்கும் வெடிமருந்தைக் கெடுக்கும், வெடிக்கும்போது இரும்புத் துண்டு பறக்கும். சாசி நம்பரைக் கொடுத்து கார் நிறுவனத்தின் சேவை மையத்தில் கேளுங்கள். குறையைச் சரிசெய்ய நிறுவனம் திரும்ப அழைத்த கார் என்றால் இலவசமாக மாற்றித் தருவார்கள்.