பகலில் கணக்கர், இரவில் டிஜே: ஹெச்.ஆர். மெமோவுக்கு என்ன பதில் எழுதுவது?

கேள்வி: ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நான்கு ஆண்டுகளாக முழுநேர வேலை பார்க்கிறேன். வெள்ளி, சனி இரவுகளில் ஒரு கிளப்பில் டிஜேவாக வாசிக்கிறேன். ஓர் இரவுக்கு இவ்வளவு என்று பணத்தைக் கையில் தருவார்கள். கிளப் வெளியிட்ட வீடியோவை யாரோ ஹெச்.ஆருக்கு அனுப்பிவிட்டார்கள். 'வெளியில் என்ன வேலை செய்கிறீர்கள், எப்போதிலிருந்து, அதனால் உங்கள் வருகை பாதிக்கப்பட்டதா?' என்று மூன்று கேள்விகளோடு மெமோ வந்திருக்கிறது. 3 நாளில் பதில் தர வேண்டும். 'எழுத்துபூர்வ முன் அனுமதியின்றி ஊதியம் தரும் வேறு பணியிலோ தொழிலிலோ ஊழியர் ஈடுபடக் கூடாது' என்று வேலை ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஒரு ஞாயிறு இரவு 2 மணி வரை வாசித்துவிட்டு, திங்கள் காலை எழ முடியாமல் 'காய்ச்சல்' என்று விடுப்பு எழுதியிருக்கிறேன். வேலை போய்விடுமா? ராஜினாமா செய்துவிடலாமா?

பதில்: ராஜினாமா வேண்டாம். பயத்தில் கொடுத்த ராஜினாமாவைத் திரும்பப் பெறுவது கடினம். அதோடு நோட்டீஸ் கால ஊதியம், சேர்ந்திருக்கும் விடுப்புக்கான பணம், 'என்னை நியாயமின்றி நீக்கினார்கள்' என்று வழக்காடும் உரிமை ஆகியவையும் கைவிட்டுப் போகலாம். கிளப்பின் வீடியோவை நீக்கச் சொல்லவும் வேண்டாம். ஹெச்.ஆரிடம் பிரதி இருக்கும். இப்போது நீக்கினால் ஆதாரத்தை அழித்தார் என்ற இரண்டாவது குற்றச்சாட்டு வரும்.

நீங்கள் டிஜே வேலையைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். எனக்கோ அந்தத் திங்கட்கிழமைதான் கவலை. இரவு வேலை பார்த்தது ஒப்பந்த மீறல். அனுமதி பெறாதது ஒரு நடைமுறைக் குறை என்று வாதாட இடம் உண்டு. பொய்க் காரணம் சொல்லிச் சம்பளத்தோடு விடுப்பு எடுத்தது நேர்மை பற்றிய விஷயம். கணக்குப் பிரிவில் இருப்பவரிடம் நிறுவனம் முதலில் எதிர்பார்ப்பதே அதைத்தான்.

மெமோவின் மூன்றாவது கேள்வியை மறுபடி படியுங்கள். 'வருகை பாதிக்கப்பட்டதா?' என்று கேட்பவர் பெரும்பாலும் வருகைப் பதிவேட்டையும் வீடியோவின் தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார். 'இல்லை' என்று ஒரு சொல்லில் எழுதினால், விடுப்பில் சொன்ன ஒரு பொய்யோடு கையெழுத்திட்ட இரண்டாவது பொய்யும் சேர்ந்துவிடும். யாராவது தெரிந்த மருத்துவரிடம் பழைய தேதியில் சான்றிதழ் வாங்கலாம் என்று சொல்வார்கள். தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள். ஒழுங்கு நடவடிக்கையோடு முடிய வேண்டியது, போலி ஆவணம் என்ற குற்றவியல் வழக்காகலாம், மருத்துவரும் மாட்டிக்கொள்வார்.

அதற்காக மனம் திறந்து மூன்று பக்கம் எழுதவும் வேண்டாம். கேட்டதற்கு மட்டும், உண்மையாக, சுருக்கமாக எழுதுங்கள். ஒப்புக்கொண்டு எழுதுவது பின்னால் உங்களுக்கு எதிரான ஆவணமாகவும் நிற்கும் என்பதால், அனுப்பும் முன் உங்கள் ஊர்ச் சட்டம் தெரிந்த தொழிலாளர் வழக்கறிஞர் ஒருவரிடம் ஒப்பந்தம், ஊழியர் கையேடு, மெமோ, அந்த மாத வருகைப் பதிவு ஆகிய நான்கையும் காட்டுங்கள். 3 நாள் போதாவிட்டால் முதல் நாளே 'ஆவணங்களைப் பார்த்துப் பதில் தர மேலும் 7 நாள் அவகாசம் வேண்டும்' என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். கெடு முடிந்தபின் கேட்பதைவிட இது எவ்வளவோ மேல்.

பதிலின் உடல் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

'தங்கள் மெமோ கிடைத்தது. (மாதம், ஆண்டு) முதல் அலுவலக நேரத்துக்கு வெளியே, வெள்ளி மற்றும் சனி இரவுகளில், (தேதி) அன்று ஒரு ஞாயிறு இரவிலும், இசை வாசித்து ஊதியம் பெற்று வருகிறேன். நிறுவனத்தின் நேரம், கருவிகள், தகவல்கள் எதையும் இதற்குப் பயன்படுத்தவில்லை. இது நிறுவனத்தின் தொழிலோடு போட்டியிடுவதல்ல. முன் அனுமதி பெறாதது என் தவறு. (தேதி) அன்று முந்தைய இரவு நிகழ்ச்சியின் களைப்பால் பணிக்கு வர இயலவில்லை. அதை நோய் விடுப்பாகக் குறிப்பிட்டதும் தவறு. அந்த நாளை என் சொந்த விடுப்பிலோ ஊதியமில்லா விடுப்பிலோ கழித்துக்கொள்ள வேண்டுகிறேன். இரவு நிகழ்ச்சிகளுக்கான அனுமதி விண்ணப்பத்தை இணைத்துள்ளேன். தங்கள் முடிவு வரும்வரை நிகழ்ச்சிகளை நிறுத்தி வைக்கிறேன்.'

இதில் ஒவ்வொரு வரியும் உண்மையாக இருந்தால் மட்டுமே எழுதுங்கள். அலுவலக லேப்டாப்பில் ஒரு முறையாவது பாட்டுப் பட்டியல் தொகுத்திருந்தால், அலுவலக மின்னஞ்சலில் புக்கிங் பேசியிருந்தால், 'கருவிகள் எதையும் பயன்படுத்தவில்லை' என்ற வரியை எடுத்துவிடுங்கள். அந்தப் பதிவுகள் நிறுவனத்தின் சர்வரில் இருக்கும். நிகழ்ச்சிகளை நிறுத்துவதாக எழுதினால் நிஜமாகவே நிறுத்துங்கள். மெமோவுக்குப் பின் வந்த ஒரு சனிக்கிழமை வீடியோ பதிலின் எல்லா நல்ல வரிகளையும் கெடுத்துவிடும்.

இனி ஒப்பந்த வரிக்கு வருவோம். உங்கள் வரியில் தடை முழுமையானதல்ல. 'முன் அனுமதியின்றி' என்று இருக்கிறது. அனுமதி கேட்க வழி திறந்திருக்கிறது என்று பொருள். சட்டம் எந்தப் பக்கம் நிற்கும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். வேலையில் இருக்கும் காலத்தில் வேறெங்கும் வேலை செய்யக் கூடாது என்ற நிபந்தனை பொதுவாகச் செல்லும் என்று 1967இலேயே இந்திய உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/1152 வழிகாட்டுச் சட்டம் எதிர்த்திசையில் போகிறது: வேலை நேரத்துக்கு வெளியே இன்னொரு வேலை பார்ப்பதைத் தடுக்கக் கூடாது, உடல்நலம், பாதுகாப்பு, தொழில் ரகசியம், நலன் மோதல் போன்ற காரணம் இருந்தால் மட்டும் நாடுகள் கட்டுப்பாடு அனுமதிக்கலாம். அரசு ஊழியர்களுக்குப் பொதுவாக விதி கடுமை; இந்தப் பதிலை அவர்கள் தங்களுக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வேலை விசாவில் வெளிநாட்டில் இருப்பவராக இருந்தால், மெமோவுக்குப் பதில் எழுதும் முன் குடியேற்றச் சட்ட வழக்கறிஞரைப் பாருங்கள். உதாரணமாக அமெரிக்காவின் ஹெச்-1பி விசா, மனுச் செய்த நிறுவனத்தில் வேலை செய்ய மட்டுமே. இரண்டாவது நிறுவனம் தனியாக மனுப் போட வேண்டும். அங்கே ஓர் இரவு ஊதியம்கூட வேலையைத் தாண்டி விசாவையே பறிக்கலாம். மேலே உள்ள மாதிரிக் கடிதம் அவர்களுக்கு ஆபத்தான ஒப்புதல்.

அனுமதி விண்ணப்பத்தில் 'ஓய்வு நேரத்தில் இசை' என்று மழுப்பாதீர்கள். எந்தெந்த இரவுகள், எத்தனை மணிக்கு முடியும், மாதம் அதிகபட்சம் எத்தனை, எந்த இடத்தில் என்று எழுதுங்கள். ஞாயிறு இரவை நீங்களே விலக்கிவிடுங்கள். ஐரோப்பிய வேலைநேர விதிகள் ஒரு நாள் வேலைக்கும் அடுத்த நாள் வேலைக்கும் இடையே 11 மணி நேர ஓய்வு கேட்கின்றன. 2 மணிக்கு முடித்து 9 மணிக்கு அலுவலகத்தில் உட்கார்ந்தால் இடைவெளி 7 மணி. அதில் வீடு திரும்புவதும் அலுவலகம் போவதும் அடக்கம். இந்த விதி உங்கள் நாட்டில் இல்லாவிட்டாலும், 11 மணி நேரத்தை நீங்களாக எழுதிக் கொடுத்தால் ஹெச்.ஆருக்கு மறுப்பதற்கான காரணம் குறையும். அனுமதியை 12 மாதத்துக்குக் கேளுங்கள். மேலாளர் 'பரவாயில்லை, செய்யுங்கள்' என்று வாயால் சொன்னால், அன்றே 'இன்று தாங்கள் சொன்னபடி' என்று தொடங்கி ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். மேலாளர் மாறுவார், மின்னஞ்சல் இருக்கும்.

கையில் வாங்கிய பணத்தை வருமான வரிக் கணக்கில் காட்டினீர்களா? மெமோ பதிலில் நீங்கள் எழுதும் தொடக்க மாதம் இனி ஓர் ஆவணம். காட்டாமல் விட்டிருந்தால், வரித்துறை கேட்கும் முன் திருத்திய கணக்கைத் தாக்கல் செய்யுங்கள். தானாக முன்வந்து செலுத்துபவரைப் பல நாட்டு வரிச் சட்டங்கள் மென்மையாகவே நடத்துகின்றன. கன்சோல், ஹெட்போன், பாட்டு வாங்கிய பில், நிகழ்ச்சிக்குப் போய்வந்த செலவு ஆகியவற்றைக் கழிக்க முடியுமா என்று கணக்குத் தணிக்கையாளரைக் கேளுங்கள். ரசீது இல்லாத செலவு நிற்காது.

கிளப்போடும் ஒரு பக்க ஒப்பந்தமாவது போடுங்கள். மாதச் சம்பளம், கிளப் வைக்கும் ரோஸ்டர் (பணிநேர அட்டவணை), கிளப்பின் கருவிகள் என்று இருந்தால் சட்டத்தின் கண்ணில் நீங்கள் அங்கேயும் ஊழியர்; இரண்டு இடத்து வேலை நேரத்தையும் கூட்டிப் பார்க்கும் நாடுகள் உண்டு. உங்கள் சொந்தக் கருவி, இரவுக்கு ஒரு பில், வர முடியாது என்று சொல்லும் உரிமை என்றால் தனித்தொழில் என்று வாதாடலாம். முடியும் நேரத்தையும், தாண்டினால் என்ன ஊதியம் என்பதையும் எழுதுங்கள். வீடியோவில் உங்கள் முழுப் பெயர், அலுவலகத்தின் பெயர் வரக் கூடாது என்றும் ஒரு வரி சேருங்கள். அதிகாலையில் வீடு திரும்பும் வழியில் விபத்து நேர்ந்தால் அலுவலகத்தின் விபத்துக் காப்பீடு பெரும்பாலும் பொறுப்பேற்காது. சொந்தக் காப்பீட்டு விண்ணப்பத்தில் இரண்டாவது தொழிலைக் குறிப்பிட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

வேலை போகுமா என்றால், போகலாம். ஆனால் நான்கு ஆண்டு நல்ல பதிவும், உண்மையான பதிலும், ஒரே ஒரு தவறான விடுப்பும் இருக்கும்போது, எச்சரிக்கையோடு முடித்துக்கொள்ள நிறுவனத்துக்குப் போதிய காரணம் இருக்கிறது. விசாரணைக்கு அழைத்தால் உடன் ஒருவரை அழைத்துவரும் உரிமை உண்டா என்று கையேட்டில் பார்த்து, உண்டு என்றால் எழுத்தில் கேளுங்கள். முன்பே அச்சடித்த ஒப்புதல் தாளைக் கொடுத்து 'இப்போதே கையெழுத்துப் போடுங்கள்' என்றால், நகல் வாங்கிக்கொண்டு மறுநாள் பதில் தருவதாகச் சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.