திரையில் பளிச், ஆல்பத்தில் இருட்டு

கேள்வி: திருமணப் படங்களைத் திருத்தி ஆல்பம் வடிவமைப்பது என் தொழில். மானிட்டரில் பளிச்சென்று தெரியும் படங்கள், லேபிலிருந்து அச்சாகி வரும்போது இருண்டும் மஞ்சள் பாய்ந்தும் இருக்கின்றன. அடோபி ஆர்ஜிபி என்ற விரிந்த நிறவரம்பின் நிறங்கள் முழுவதையும் காட்டும் விலை உயர்ந்த மானிட்டரை வாங்கினால் இந்தக் குறை தீருமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: தீராது. புதிய மானிட்டர்கள் கடையின் வெளிச்சத்திலும் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, பெரும்பாலும் 250 நிட் (திரை ஒளியை அளக்கும் அலகு) அல்லது அதற்கும் மேலான பிரகாசத்துடன் வருகின்றன. படத் திருத்தத்துக்கோ 80 முதல் 120 நிட் வரை போதும். திரை அளவுக்கு மீறி ஒளிர்வதால் நல்ல படமும் வெளுத்ததாகத் தோன்றி, நீங்கள் அதை இருட்டாக்கிவிடுகிறீர்கள். மஞ்சளுக்கும் இதே போன்ற காரணம் இருக்கக்கூடும்: திரையின் வெண்மை நீலம் கலந்திருந்தால், அதை ஈடுகட்ட உங்கள் கை தானாகவே படத்தில் மஞ்சளைக் கூட்டும்.

ஆகவே முதல் செலவு திரையின் மேல் வைத்து நிறத்தை அளக்கும் கலரிமீட்டருக்காக இருக்கட்டும். மானிட்டர் அரை மணி நேரம் ஓடிச் சூடான பிறகு, திரையின் நிறத்தையும் ஒளியையும் தானாக மாற்றும் நைட் லைட், டைனமிக் கான்ட்ராஸ்ட் போன்ற வசதிகளை அணைத்துவிட்டு, வெண்மை 6500 கெல்வின் (பகல் வெளிச்ச வெண்மை), காமா (கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட ஒளி அளவுகளைத் தீர்மானிப்பது) 2.2, பிரகாசம் ஏறத்தாழ 100 நிட் என்று இலக்கு வையுங்கள். பிரகாசத்தையும் சிவப்பு, பச்சை, நீல அளவுகளையும் முடிந்தவரை மானிட்டரின் சொந்தப் பொத்தான்களாலேயே சரிசெய்வது நல்லது. எல்லாத் திருத்தத்தையும் கிராபிக்ஸ் கார்டின் தலையில் ஏற்றினால், வானம் போன்ற மெல்லிய நிற மாற்றங்களில் பட்டை பட்டையாகக் கோடுகள் தெரியலாம். முடிவில் கலரிமீட்டரை இயக்கும் மென்பொருள் உருவாக்கும் ஐசிசி புரொஃபைல் என்ற நிறக் குறிப்புக் கோப்பைக் கொண்டுதான் போட்டோஷாப் உங்கள் திரையின் குணத்தை அறிந்துகொள்கிறது. திரையின் நிறம் காலப்போக்கில் மாறும் என்பதால் மாதம் ஒருமுறை மீண்டும் அளந்துவிடுங்கள்.

மானிட்டரையும் மாற்றுவதாக இருந்தால், பக்கவாட்டில் பார்த்தால் நிறம் மாறும் டிஎன் வகையைத் தவிர்த்து, எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான நிறவரம்பு முழுவதையும் காட்டும் ஐபிஎஸ் வகைத் திரையை வாங்குங்கள். 1998-இல் வந்த அடோபி ஆர்ஜிபியில் கூடுதலாகக் கிடைப்பவை பெரும்பாலும் பச்சையும் பச்சை கலந்த நீலமும்தான்; முகத்தின் நிறங்கள் எஸ்ஆர்ஜிபிக்குள்ளேயே அடங்கிவிடும். உங்கள் லேப் எஸ்ஆர்ஜிபி கோப்புகளையே கேட்கிறது என்றால், மயில்பச்சைப் பட்டுப் புடவைக்காக அவ்வளவு பணம் கொடுப்பது வீண் என்பதே என் கருத்து.

கேள்வி: கருவி இல்லாமல் கண்ணாலேயே திரையைச் சரிசெய்ய முடியாதா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: பிரகாசத்தை ஓரளவு முடியும். திருத்தாத படம் ஒன்றை லேபில் அச்சிட்டு வாங்கி, அதை நல்ல பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபடி, திரையிலுள்ள அதே படம் அச்சுக்கு இணையாகத் தெரியும்வரை பிரகாசத்தைக் குறையுங்கள். நிறத்தில் கண்ணை நம்ப முடியாது. நீலம் கலந்த வெண்மையையும் சில நிமிடங்களில் அது தூய வெண்மையாக ஏற்றுக்கொண்டுவிடும். ஒரே கருவியால் எத்தனை மானிட்டர்களையும் அளக்கலாம் என்பதால், ஊரிலுள்ள நான்கைந்து ஸ்டுடியோக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கிக்கொள்ளலாம். அதை இயக்க டிஸ்ப்ளேகேல் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. வாங்கப்போகும் கருவியை அது ஏற்குமா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.