செம்பருத்தி சரி, அரளி ஆகாது: தோட்டத்துச் செடிகளும் சல்காட்டா ஆமையும்

சல்காட்டா வளர்ப்பவர்கள் கேட்ட கேள்விகளில் செடி சம்பந்தப்பட்டவற்றுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன். கூண்டு, விளக்கு பற்றி இன்னொரு நாள் பேசலாம்.

கோவையிலிருந்து: அக்கா, எங்கள் சல்காட்டாவுக்கு ஒரு வயது. மொட்டைமாடித் தோட்டத்தில் மேயவிடலாமா? செம்பருத்தி, அரளி, மணி பிளான்ட், கற்றாழை இருக்கின்றன. ஒரு மூலையில் அருகம்புல்லும் உண்டு.

முதலில் அரளியை அப்புறப்படுத்துங்கள். பூ, இலை, தண்டு எல்லாமே இதயத்தைத் தாக்கும் விஷம். காய்ந்த சருகுக்கும் அதே வீரியம் உண்டு. தொட்டியை உயரத்தில் வைத்துவிட்டேன் என்பவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன், சருகு கீழேதானே விழும்? மணி பிளான்ட்டில் ஊசி போன்ற ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன, கடித்தால் வாயும் நாக்கும் வீங்கிவிடும். டைஃபன்பாக்கியா, சேம்பு இலை எல்லாம் அதே ரகம்தான்.

செம்பருத்தியில் இலை, பூ இரண்டையும் தாராளமாகக் கொடுக்கலாம். கற்றாழை எப்போதாவது ஒரு துண்டு போதும். தோலுக்கடியில் வடியும் மஞ்சள் சாறு பேதியாக்கும், அதை வடியவிட்டுக் கொடுங்கள். அந்த மூலை அருகம்புல்தான் உங்களிடம் இருப்பதிலேயே நல்ல தீனி. சல்காட்டா சஹாராவின் தென்விளிம்பில் காய்ந்த புல்லைத் தின்று வாழும் பிராணி. அதற்கு நார்ச்சத்து நிறைய வேண்டும், புரதம் குறைவாக இருக்க வேண்டும். அப்புறம், மே மாதத்தில் மாடித்தளம் கொதிக்கும். நிழல் இல்லாமல் விடாதீர்கள்.

திருநெல்வேலியிலிருந்து: சப்பாத்திக்கள்ளி நல்லது என்கிறார்கள். எங்கள் வேலியில் மூன்று நான்கு வகைக் கள்ளி நிற்கிறது. எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேட்டது நல்லதாகப் போயிற்று. வேலியில் சப்பாத்திக்கள்ளியோடு சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி எல்லாம் கலந்தே நிற்கும். பின்னால் சொன்ன மூன்றும் வேறு குடும்பம். அவற்றின் பால் பட்டால் தோல் எரியும், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து.

சப்பாத்திக்கள்ளி தட்டையாக, ஒன்றின்மேல் ஒன்று ஒட்டியதுபோல வளரும். அந்த மடல்மேல் இடைவெளிவிட்டுப் புள்ளிகள் இருக்கும். ஒவ்வொரு புள்ளியிலும் பெரிய முள்ளோடு மயிர் போன்ற சின்ன முட்கள் கொத்தாக இருக்கும். சதுரக்கள்ளியில் தண்டு பட்டை பட்டையாக இருக்கும், அந்த விளிம்பில் முள் இரண்டிரண்டாக நிற்கும். இன்னும் சந்தேகமா? கையுறை போட்டுக்கொண்டு கத்தி நுனியால் கீறிப் பாருங்கள். சப்பாத்திக்கள்ளியில் வழவழப்பான நீர்தான் கசியும். வெள்ளையாகப் பால் வந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

கொடுக்கும்போது இளமடலாகப் பார்த்து இடுக்கியால் பிடித்து, அடுப்புத் தீயில் இருபுறமும் வாட்டுங்கள். பெரிய முள்ளைவிடத் தொல்லை அந்த மயிர்முள்தான், அது முழுக்கக் கருகணும். பிறகு கீற்றாக நறுக்கி வையுங்கள். சுண்ணாம்புச்சத்து நிறைய உண்டு. வாரம் ஒன்றிரண்டு முறை போதும், அதிகமானால் கழிச்சல் ஆகும்.

சேலத்திலிருந்து: அப்படியென்றால் பால் வந்தால் விஷம், வராவிட்டால் நல்லது என்று வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளக் கூடாது. மல்பெரி இலையைக் கிள்ளினாலும் பால் வரும், அத்திக்கும் வரும். இரண்டுமே ஆமைக்கு ஆகும், அதிலும் மல்பெரி அருமையான தீனி. மறுபக்கம், ஊமத்தை, ஆமணக்கு, உண்ணிச்செடி, செங்காந்தள் எதிலும் வெள்ளைப் பால் கிடையாது. நாலுமே விஷம். பால் சோதனை கள்ளிக்கு மட்டும்தான்.

கரூரிலிருந்து: எங்கள் ஆடு மேயும் எல்லாவற்றையும் ஆமைக்கும் போடுகிறோம். சரிதானே?

சரியில்லை. ஆட்டின் வயிறு வேறு, ஆமையின் வயிறு வேறு. ஆடு தாங்குவதை ஆமை தாங்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

ஈரோட்டிலிருந்து: பசலைக்கீரை தினமும் விரும்பிச் சாப்பிடுகிறது. முருங்கைக்கீரையும் கொடுக்கிறேன்.

பசலையை நிறுத்துங்கள். அது விஷமில்லை, ஆனால் அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. வளரும் ஆமைக்கு ஓடு வலுப்படாமல் போய்விடும். முருங்கையில் சுண்ணாம்பு உண்டு, புரதமும் கூடவே உண்டு. புல்லோடு ஒரு கைப்பிடி கலக்கலாம், முழுச்சாப்பாடாக வேண்டாம். விரும்பிச் சாப்பிடுகிறது என்பதெல்லாம் ஒரு அளவுகோலே இல்லை. மாம்பழம் வைத்தாலும்தான் விரும்பிச் சாப்பிடும்.

சென்னையிலிருந்து: நர்சரியில் பூத்துக்குலுங்கிய செம்பருத்தி வாங்கினேன். இன்றே கொடுக்கலாமா?

வேண்டாம். செம்பருத்தி என்றாலே மாவுப்பூச்சி வரும். நர்சரியில் அது ஒன்றுகூட இல்லாமல் பளபளவென்று நின்றால் மருந்து அடித்திருக்கிறார்கள் என்றுதான் நினைக்க வேண்டும். இமிடாகுளோபிரிட் போன்ற பூச்சிமருந்துகள் செடிக்குள்ளேயே ஊடுருவி நிற்கும், கழுவினால் போகாது. மண்ணை மாற்றி நட்டு, சில மாதம் விட்டு, புதுத் துளிரிலிருந்து தொடங்குங்கள். அவசரமென்றால் மருந்தே அடிக்காத பக்கத்து வீட்டுச் செடியில் ஒரு கிளை கேட்டு வாங்கிப் பதியம் போடலாம். உரத்திலும் கவனம் வேண்டும். ஆமணக்குப் புண்ணாக்கு போட்ட தொட்டிப் பக்கம் ஆமையை விடாதீர்கள்.

திண்டுக்கல்லிலிருந்து: நேற்று உண்ணிச்செடி இலையைக் கடித்துவிட்டது. இன்று நன்றாகத்தான் இருக்கிறது. விட்டுவிடலாமா?

விடாதீர்கள். ஆமைக்குச் செரிமானம் மெதுவாகத்தான் நடக்கும், விஷத்தின் அறிகுறியும் தாமதமாகத்தான் தெரியும். உண்ணிச்செடி ஈரலைக் கெடுக்கும். அந்தச் செடியில் பூவோடு ஒரு கொத்து ஒடித்துப் பையில் போட்டு, ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் இன்றே போங்கள். எவ்வளவு தின்றது, எத்தனை மணிக்கு என்றும் சொல்லுங்கள். உப்புத்தண்ணீர், எண்ணெய் என்று கைவைத்தியம் எதுவும் வேண்டாம்.

புதுக்கோட்டையிலிருந்து: வயலில் கிடைத்த கட்ட ஆமைக்கு என்ன தீனி போடலாம்? முதுகில் நட்சத்திரம் மாதிரி கோடுகள் இருக்கின்றன.

அது நட்சத்திர ஆமை. தீனி எதுவும் போடாதீர்கள், வனத்துறையில் ஒப்படையுங்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருப்பது குற்றம். கடத்தல் அதிகமானதால் 2019-இல் அதன் பன்னாட்டு வணிகத்துக்கும் தடை வந்தது. சல்காட்டா வைத்திருப்பவர்களும் சும்மா இருக்க முடியாது. 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும்.

பலரிடமிருந்து: இலைப் படம் அனுப்பினால் என்ன செடி என்று சொல்வீர்களா?

ஒற்றை இலையை வைத்துச் சொல்ல மாட்டேன். முழுச்செடி, இலையின் இருபுறம், இலை தண்டில் சேரும் இடம், பூ அல்லது காய், இத்தனைக்கும் படம் வேண்டும். அரளி என்றால் ஒரே கணுவில் மூன்று இலை சுற்றி நிற்பதைக் கண்டே பெரும்பாலும் சொல்லிவிடலாம். இலையை மட்டும் பிடுங்கிப் படமெடுத்தால் அந்த அடையாளமே போய்விடுகிறது. பூக்காத செடியென்றால் பூக்கும்வரை பொறுங்கள். அதுவரை ஆமைக்கு அருகம்புல் இருக்கிறது.