ஓடும் கார் ஏன் அதிர்கிறது? கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் ஐயா. என் கார் 80 கிலோமீட்டர் வேகம் வரை ஒழுங்காக ஓடுகிறது. அதைத் தாண்டினால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. 110-க்கு மேல் நடுக்கம் அடங்கிவிடுகிறது. அலைன்மென்ட் செய்தும் பயனில்லை.

பதில்: வணக்கம். அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணம், தவறினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயரின் ஓரம் தேயும். நடுக்கம் பொதுவாக அதனால் வருவதில்லை. உங்களுக்குத் தேவைப்படுவது வீல் பேலன்சிங்: சிறு எடைத் துண்டுகளைப் பொருத்தி, சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமமாக்குவது. சிறிய காரின் சக்கரம் 100 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்கு ஏறத்தாழ 15 முறை சுற்றுகிறது. அந்தச் சுற்று சஸ்பென்ஷனின் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போகும் வேகத்தில் நடுக்கம் உச்சத்தை எட்டும். அதைக் கடந்ததும் குறையும். முன் சக்கரத்தின் குறையை ஸ்டீயரிங்கிலும், பின் சக்கரத்தின் குறையை இருக்கையிலும் அதிகம் உணரலாம். பணம் கட்டுவதற்கு முன் சக்கரத்தின் உட்புறத்தை எட்டிப் பாருங்கள்: எடைத் துண்டு விழுந்த இடத்தில் பசைத் தடம் மட்டும் இருக்கலாம், அல்லது ஒரே பக்கமாகச் சேறு காய்ந்து கெட்டித்திருக்கலாம். டயரின் பக்கவாட்டில் எங்காவது புடைப்பு தெரிந்தால் பேலன்சிங் வேண்டாம். அந்த டயரை உடனே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஸ்டீயரிங் ஆடுகிறது. சூட்டில் பிரேக் டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு) வளைந்துவிட்டது என்று சொல்லி மெக்கானிக் லேத்தில் கடைந்து கொடுத்தார். சில மாதங்கள் நன்றாக இருந்தது. இப்போது மறுபடியும் அதே ஆட்டம்.

பதில்: சில மாதங்கள் கழித்துத் திரும்பியது என்ற அந்தத் தகவலே காரணத்தைக் காட்டுகிறது. இவ்வாறு ஆடும் டிஸ்க்குகளில் பெரும்பாலானவை வளைந்தவை அல்ல. அவற்றின் தடிமன் சுற்றிலும் ஒரே அளவாக இல்லாமல் போயிருக்கும். 0.02 மில்லிமீட்டர் வேறுபாடே பெடலிலும் ஸ்டீயரிங்கிலும் தெரிந்துவிடும். அந்த வேறுபாட்டை உண்டாக்குவது பெரும்பாலும் டிஸ்க்கைத் தாங்கும் ஹப்பின் முகத்தில் படிந்திருக்கும் துரு. அதைச் சுரண்டி எடுக்காமல் டிஸ்க்கை மாட்டினால், டிஸ்க் மயிரிழை சாய்ந்து உட்காரும். பிறகு நீங்கள் பிரேக்கைத் தொடாமல் ஓட்டும்போதும், ஒவ்வொரு சுற்றிலும் அதன் ஒரே இடம் பிரேக் பேடில் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை) உரசிக்கொண்டே இருக்கும். பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பின் அந்த இடம் மட்டும் மெலிந்திருக்கும். கடைந்தபோது தடிமன் சமமாகியது, ஆனால் சாய்வுக்குக் காரணமான துரு அப்படியே இருந்தது. ஹப்பைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, டிஸ்க்கைப் பொருத்திய பின் டயல் கேஜ் என்ற அளவுகருவி வைத்துப் பக்கவாட்டு ஆட்டத்தை அளக்கச் சொல்லுங்கள். பல வண்டிகளில் இதற்கான வரம்பு 0.05 முதல் 0.1 மில்லிமீட்டருக்குள் இருக்கும். உங்கள் வண்டிக்குரிய அளவு பழுதுநீக்கும் கையேட்டில் இருக்கும். வீல் நட்களையும் குறுக்கு வரிசையில், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டுதான் இறுக்க வேண்டும்.

கேள்வி: மேலே சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. மலை இறக்கத்தில் சிவக்கச் சிவக்கச் சூடான டிஸ்க்கை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். அவ்வளவு சூட்டில் இரும்பு வளையாதா?

பதில்: சூட்டினால் கெடாது என்று நான் சொல்லவில்லை. அளவு மீறிச் சூடேறிய வார்ப்பிரும்பில் சில இடங்களில் உலோகத்தின் அமைப்பே மாறி, கடினமான திட்டுகள் உண்டாகும். அவை சுற்றியுள்ள பகுதியைவிட மெதுவாகத் தேய்வதால் மேடாக நிற்கும். மேலாகக் கடைந்தாலும் அடியில் மிஞ்சும். அத்தகைய டிஸ்க்கை மாற்றுவதே வழி. சூடான பிரேக்கை அழுத்தியபடியே நின்றால் பேடின் பொருள் டிஸ்க்கில் அச்சுப்போல் ஒட்டிக்கொள்வதும் உண்டு. இரண்டிலும் குறை சில இடங்களில் மட்டும் இருக்கிறது. தட்டு முழுவதும் அப்பளம்போல் நெளிந்துவிடுவதில்லை.

கேள்வி: புது டிஸ்க் போட்டதும் எனக்கு ஆட்டம் நின்றுவிட்டதே! அப்படியானால் பழையது வளைந்திருந்தது என்றுதானே பொருள்?

பதில்: புது டிஸ்க்கின் தடிமன் சமமாக இருக்கும் என்பதைத் தவிர அதிலிருந்து வேறெதுவும் தெரியவில்லை. ஹப்பைச் சுத்தம் செய்தார்களா என்று கேளுங்கள். வளைவு பற்றிய விவாதத்தை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன், மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: ஆக்சிலரேட்டரை மிதித்தால் முன்பக்கம் குலுங்குகிறது, காலை எடுத்தால் நின்றுவிடுகிறது. எஞ்சினா, சக்கரமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முன்சக்கரங்களுக்கு விசை செல்லும் வண்டியானால், டிரைவ் ஷாஃப்டின் (சக்கரத்துக்கு விசையைக் கொண்டுசெல்லும் தண்டு) உட்பக்க ஜாயிண்டை முதலில் பாருங்கள். அதை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து, சுற்றிலும் கிரீஸ் தெறித்திருந்தால் சந்தேகம் வலுக்கும். வெளிப்பக்க ஜாயிண்ட் கெட்டால் திருப்பத்தில் டக்டக்கென்று சத்தம் வரும். எஞ்சினா சக்கரமா என்பதை அறிய, வெறிச்சோடிய நேரான சாலையில் அதிர்வு வரும் வேகத்தை எட்டியதும் ஒரு கணம் நியூட்ரலுக்கு மாற்றுங்கள். எஞ்சின் வேகம் குறைந்தும் அதிர்வு அப்படியே தொடர்ந்தால் சக்கரத்தின் பக்கம் தேடலாம். உங்களுக்குப்போல் நின்றுவிட்டால் எஞ்சின், அதைத் தாங்கும் மவுண்டிங், டிரைவ் ஷாஃப்ட் ஆகியவற்றின் பக்கம் தேடலாம். எக்காரணம் கொண்டும் ஓட்டத்தில் சாவியை அணைக்காதீர்கள்: ஸ்டீயரிங் கனத்துவிடும், பிரேக்குக்கான துணை விசையும் போய்விடும்.

கேள்வி: சிக்னலில் நிற்கும்போது மட்டும் வண்டி அதிர்கிறது, ஏசி போட்டால் அதிகமாகிறது.

பதில்: எஞ்சின் மவுண்டிங் ரப்பர் தளர்ந்திருக்கலாம், பிளக் அல்லது இக்னிஷன் காயில் பழுதாகி ஒரு சிலிண்டர் எரியாமலும் இருக்கலாம். எஞ்சின் எச்சரிக்கை விளக்கு மினுக்கினால் வண்டியை ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் போய் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும்.

கேள்வி: என் காரும் 90-இல் நடுங்குகிறது. அலைன்மென்ட் செய்யலாமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: வண்டி அதிர்கிறது. எந்தப் பாகத்தை மாற்றுவது?

பதில்: எந்த வேகத்தில், பிரேக் பிடிக்கும்போதா ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதா, கையிலா இருக்கையிலா என்று எழுதுங்கள். அதற்கு முன் எந்தப் பாகத்தையும் வாங்காதீர்கள்.

கேள்வி: நேற்று பஞ்சர் போட்டுச் சக்கரத்தை மாட்டினார்கள். இன்று எல்லா வேகத்திலும் வண்டி ஆடுகிறது, கடகடவென்று சத்தமும் வருகிறது. பேலன்சிங் செய்ய நாளை போகலாமா?

பதில்: நாளை வரை பொறுக்க வேண்டாம்; வண்டியை நின்ற இடத்திலிருந்து நகர்த்தவும் வேண்டாம். வீல் நட்கள் தளர்ந்திருக்கக்கூடும். ஒவ்வொன்றையும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். தளர்ந்திருந்தால் சக்கரத்தைக் கழற்றி, நட்கள் ஏறும் ஸ்டட்டுகளின் மரை சிதையவில்லை, துளைகள் அகலவில்லை என்று பார்த்த பிறகே கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடியும் இறுக்கத்தைச் சரிபாருங்கள். ஸ்டட்டோ துளையோ சேதமாகியிருந்தால் இழுவை வண்டியை அழையுங்கள்.